குட்டியின் தாய் எங்கே?

கத்தரிக்காய் வாங்குகிறபோது நம்முடைய மத்தியதரக் குடும்பஸ்தர் காட்டுகிற ஜாக்கிரதையில் கால்வாசியைக்கூட நாய்க்குட்டி வாங்குகிறபோது காட்டுவதில்லை என்பது என் குற்றச்சாட்டு. கத்தரிக்காயென்றால் காம்பைப் பார்க்கிறார்; திருப்பிப் பார்த்துச் சொத்தை தேடுகிறார்; நேற்றுப் பறித்ததா, முந்தாநாள் பறித்ததா என்று குறுக்கு விசாரணை நடத்துகிறார். மாட்டுச் சந்தைக்குப் போகிற விவசாயி பல்லைப் பிடித்துப் பார்க்காமலும் சுழி பார்க்காமலும் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. பெண் பார்க்கப் போனாலோ கேட்கவே வேண்டாம், பெண்ணைவிடப் பெண்ணின் தாயைத்தான் நம் வீட்டு அம்மாமார்கள் அதிகமாகக் கவனிப்பார்கள். ‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்று பழமொழியே வைத்திருக்கிற ஜனங்கள் நாம். ஆனால், பத்துப் பன்னிரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே, குழந்தைகளோடு குழந்தையாக வாழப்போகிற ஒரு பிராணியை வாங்கும்போது மாத்திரம், அதன் தாய் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. போட்டோ பார்க்கிறோம், ‘ஐயோ, என்ன அழகு!’ என்கிறோம், பணத்தை அனுப்பிவிடுகிறோம். அவ்வளவுதான் வியாபாரம்.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் நினைக்கலாம். சில மாதங்களுக்கு முன் இதே பத்திரிகையில் வேறு ஏதோ விஷயமாக எழுதும்போது, நாய் வளர்க்கிற வீட்டில் பொய் சொல்லுகிறவர்கள் குறைவு என்று விளையாட்டாக ஒரு வாக்கியம் எழுதிவைத்தேன். அதற்கு வந்த கடிதங்கள் நான் எழுதிய எந்த நாவலுக்கும் வந்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, அது கிடக்கட்டும். கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒரே கேள்வி: ‘எந்த ஜாதி நாய் வாங்கலாம்?’ யாரிடம் வாங்கலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது நாய்க்குட்டி எப்படி விற்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? விற்கிற ஆசாமிக்குப் பெரும்பாலும் நாயே கிடையாது. அவர் தரகர். செல்போனில் வரிசையாகப் படங்கள் வைத்திருப்பார். லாப்ரடாரா, இருக்கிறது, பொமரேனியனா, இருக்கிறது, கோல்டன் ரிட்ரீவரா, நாளைக்கு வருகிறது. மளிகைக் கடையில் துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் இருப்பதுபோல எல்லா ஜாதியும் எப்போதும் இருக்கும். ‘வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்’ என்பார். நீங்கள் அவர் இடத்துக்கு வருகிறேன் என்றால் மட்டும், ‘எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்? பைபாஸ் ரோட்டுக்கு வந்திடுங்க, நான் எடுத்துட்டு வந்திடறேன்’ என்று உபசாரம் செய்வார். வெளியூர்க்காரராக இருந்தால் ராத்திரி பஸ்ஸில் கூடையில் வைத்து அனுப்பிவைப்பதாகவும் சொல்வார். உயிருள்ள ஒன்றைப் பூக்கூடை மாதிரி பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறவனிடம் வாங்கிவிட்டு, அதற்கு ‘ராஜா’ என்றும் ‘லட்டு’ என்றும் பெயர் வைத்துக் கொஞ்சுகிறோம்.

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு வங்கி உத்தியோகஸ்தர் இருக்கிறார். நல்லவர், கூட்டுறவுச் சங்கத் தேர்தலில்கூட யாரோடும் சண்டைக்குப் போகாதவர். அவருடைய எட்டு வயதுப் பெண் ஒரு வருஷமாக நாய் நாய் என்று பிராணனை வாங்கிக்கொண்டிருந்தாள். பிறந்த நாளைக்கு வாங்கித் தந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டைப் பெட்டியில் வந்தது லாப்ரடார் குட்டி. நாற்பது நாள் குட்டி என்றும், ஊசியெல்லாம் போட்டாகிவிட்டது என்றும் ஓர் அட்டையும் கூடவே வந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மாடிப்படி முழுக்க அந்தக் குழந்தையின் சிரிப்புத்தான். வியாழக்கிழமை குட்டி பால் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வாந்தியும் ரத்தமாகப் பேதியும். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். சனிக்கிழமை ராத்திரி போய்விட்டது.

விற்றவனுக்குப் போன் போட்டார். அவன் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. ‘அதுக்கென்ன சார், வேறே குட்டி தந்திடறேன்’ என்றான். இதில் அவர் ஆறுதலடைந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ‘நாணயமான ஆள் சார், ஒரு பைசா கேட்கலை’ என்று என்னிடமே சொன்னார். வீட்டைப் பினாயில் விட்டுக் கழுவினார்கள். பத்து நாள் கழித்து இரண்டாவது குட்டி வந்தது. அந்தப் பெண் தகப்பனாரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: ‘இதுக்கும் அதே பேரைத்தான் வைக்கணுமா?’

இரண்டாவது குட்டி பிழைத்துக்கொண்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அது எட்டு நாள் இருந்தது.

நடந்தது மர்மம் ஒன்றுமில்லை. பார்வோ என்கிற வைரஸ் நோய் அது. 1978-ல் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டு, இரண்டே வருஷங்களில் உலகம் பூராவும் பரவிவிட்டது. நோய்க்கிருமி உடம்பில் புகுந்தபின் வெளியே தெரிய மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். ஞாயிற்றுக்கிழமை துள்ளி விளையாடுகிற குட்டி வியாழக்கிழமை சுருண்டு படுக்கிறதென்றால், நோய் உங்கள் வீட்டில் வந்ததில்லை. விற்றவன் கூடத்திலிருந்தோ வழியிலிருந்தோ கூடவே வந்தது. பல வீட்டுக் குட்டிகளை ஒரே இடத்தில் அடைத்துவைத்தால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் வரும். தரகன் செய்கிற தொழிலே பல வீட்டுக் குட்டிகளை ஓரிடத்தில் சேர்ப்பது. இன்னொன்று: இந்தக் கிருமி பினாயிலுக்கு அசைந்து கொடுக்காது. பிளீச்சிங் கரைசல் வேண்டும். தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இறந்த குட்டி படுத்திருந்த இடத்துக்கு, ஊசிகள் முடியாத மற்றொரு குட்டியைக் கொண்டுபோய்விடுவது நஷ்டஈடு ஆகாது. நாய் விற்றுப் பிழைக்கிறவனுக்கு இது தெரியாமலிருக்க நியாயமில்லை. தெரிந்தேதான் இரண்டாவது குட்டியைத் தந்தான்.

அந்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய்ப்பாலோடு வருகிற எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கிற வரையில் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அந்தச் சக்தி எந்த நாளில் தீரும் என்று குட்டிக்குக் குட்டி வித்தியாசம். ஆகவேதான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநாய்க்கடிக்கான ஊசி சாதாரணமாக மூன்று மாதத்தில்தான். நாற்பது நாள் குட்டிக்கு ‘எல்லா ஊசியும் முடிந்தது’ என்று ஒருவன் அட்டை நீட்டினால் அவன் ஒன்று அறியாதவன், அல்லது பொய்யன். இரண்டு பேரிடமும் குட்டி வாங்கக்கூடாது. டாக்டரின் பெயர், பதிவு எண், மருந்துப் புட்டியிலிருந்து எடுத்து ஒட்டிய சீட்டு, தேதி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, அந்த டாக்டருக்கே ஒரு போன் போட்டுக் கேட்பதற்கு நம் மனிதர்களுக்குக் கூச்சம். கத்தரிக்காய்க்காரியிடம் இல்லாத கூச்சம்!

நாற்பது நாளில், முப்பது நாளில் குட்டியை ஏன் விற்கிறார்கள்? காரணம் சிக்கனம். நாலைந்து வாரத்துக்குமேல் குட்டிக்குத் தாய்ப்பால் போதாது. ஆறேழு குட்டிகளுக்கு ஆகாரம் போட வேண்டும், பூச்சி மருந்து கொடுக்க வேண்டும், முதல் ஊசி போட வேண்டும், கழுவிவிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் செலவு ஏறும். அதே சமயம் குட்டியின் அழகு இறங்கும். உள்ளங்கையில் அடங்குகிற குட்டிக்கு இருக்கிற கிராக்கி, காலும் காதும் நீண்டு கோணல்மாணலாக நிற்கிற மூன்று மாதக் குட்டிக்கு இல்லை. இந்த அவசரத்தில் போய்விடுவது என்ன தெரியுமா? குட்டி நாயாவதற்குக் கற்றுக்கொள்கிற பள்ளிக்கூடம். உடன்பிறந்ததைக் கொஞ்சம் பலமாகக் கடித்தால் அது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாய் ஓர் உறுமல் உறுமும். இவ்வளவு கடிக்கலாம், இதற்குமேல் கூடாது என்பதை அந்த நாட்களில்தான் குட்டி தெரிந்துகொள்கிறது. அமெரிக்காவில் மெயின் மாகாணத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் நாய்க்குட்டிகளைக் கூர்ந்து பார்த்து 1965-ல் ஒரு பெரிய நூலே எழுதினார்கள். சுமார் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள காலமே ஒரு நாயின் குணத்தைத் தீர்மானிக்கும் காலம் என்று அவர்கள் காட்டினார்கள். அந்தக் காலத்தில் பாதியைக் கூண்டிலும் கூடையிலும் கழித்த குட்டி, பிறகு வீட்டுக் குழந்தையின் கையைக் கடிக்கிறது. குக்கர் சத்தத்துக்கு நடுங்குகிறது. ‘நாய் சரியில்லை’ என்று நாம் தீர்ப்புச் சொல்கிறோம்.

இதெல்லாம் குட்டி விஷயம். தாய் விஷயத்துக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

நகரத்துக்கு வெளியே ‘கென்னல்’ என்று பெயர்ப்பலகை போட்ட ஓர் இடத்துக்கு, நாய் வாங்குகிறவன்போல நான் போயிருக்கிறேன். முன்கட்டு நன்றாக இருந்தது. டைல்ஸ் போட்ட தரை, கண்ணாடிக் கதவு, சுவரில் வெள்ளைக்கார நாய்களின் படங்கள். தாயைப் பார்க்க வேண்டும் என்றேன். ‘கடிக்கும் சார், புது ஆளுங்களை விடாது’ என்றார் உடையவர். பரவாயில்லை, தூரத்திலிருந்து பார்க்கிறேன் என்றேன். ‘டாக்டர் கிட்டே போயிருக்கு’ என்றார். ஒரே நிமிஷத்தில் இரண்டு காரணம்! அவர் போன் பேச வெளியே போன சமயம் நான் பின்கட்டுக்கு நடந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வைகாசி மாத மத்தியானம். பத்துப் பன்னிரண்டு இரும்புக் கூண்டுகள். ஒன்றிலிருந்த லாப்ரடார் பெட்டை என்னைப் பார்த்தது. கடிக்கவில்லை, குரைக்கவில்லை, எழுந்திருக்கக்கூட இல்லை. முலைகள் தரையில் இழைந்துகொண்டிருந்தன. நகங்கள் வளைந்து வளர்ந்திருந்தன; நடந்தால் அல்லவா நகம் தேயும்! வாலை மட்டும் ஒரே ஒரு தடவை ஆட்டியது.

பெட்டை நாய் சாதாரணமாக வருஷத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். கர்ப்பம் சுமார் 63 நாள். ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்த்தால் வருஷத்தில் இரண்டு ஈத்து. கணக்குப் போடுகிறவனுக்கு இனிக்கிற கணக்கு. அந்தக் கணக்கில் அதற்கு ஓய்வு என்ற வரி இல்லை. ஆறேழு வயதில் குட்டிகள் குறைந்ததும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். கழுத்தில் பட்டை தழும்போடு, மடி தொங்க, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிற ‘உயர்ந்த ஜாதி’ நாய்களை ரஸ்தாவில் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டு வெல்வெட் மெத்தையில் தூங்குகிற செல்லக்குட்டியின் அம்மாவாக அது இருக்கக்கூடும்.

இந்த இடத்தில் இளகிய மனசுக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ‘அதனால்தான் சார் வாங்கினேன். அந்தக் கூண்டில் அது படுகிற பாட்டைப் பார்த்து மனசு கேட்கவில்லை. ஒன்றையாவது காப்பாற்றினோமே’ என்பார்கள். அம்மா, தாயே, உங்கள் இரக்கத்தை முதலாகப் போட்டுத்தான் அந்த வியாபாரமே நடக்கிறது. நோஞ்சான் குட்டியை முன்னால் வைத்து, ‘இதை யாரும் எடுக்கலைன்னா என்ன ஆகுமோ’ என்று பெருமூச்சு விடுகிற விற்பனையாளனை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பணம் கொடுத்து ஒன்றை எடுத்தீர்கள், கூண்டு காலியாயிற்று, காலியான கூண்டை நிரப்ப அந்தத் தாயை மறுபடி இணை சேர்ப்பார்கள். காப்பாற்ற வேண்டுமென்றால் பணம் கொடுக்காமல் புகார் கொடுங்கள். அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். மடியில் குட்டி இருக்காது. யாரும் உங்களைப் புகழ மாட்டார்கள். ஆனாலும் அதுதான் அந்தத் தாய்க்குச் செய்கிற உபகாரம்.

புகார் கொடுக்கச் சட்டம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதுவும் நம் ஊர் சம்பந்தமுள்ள சட்டம். ராஜ்ய சபைக்கு 1952-ல் நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், நாட்டியத்தோடு நில்லாமல் வாயில்லா ஜீவன்களுக்காகவும் அங்கே பேசினார். தனி மசோதாவே கொண்டுவந்தார். அதன் பலனாக 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டத்தின் கீழ் 2017-ல் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனி விதிகள் போட்டார்கள். நாயை இனப்பெருக்கம் செய்து விற்கிறவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக்கூடாது. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ‘உங்கள் பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள்’ என்று கேட்பதற்கு வாங்குகிறவர்களில் நூற்றில் ஒருவர் முன்வந்தால் போதும், பாதிக் கூண்டுகள் காலியாகும். நாம் கேட்கிற சான்றிதழ் வேறு.

‘ஜாதி நாயா?’ என்றுதான் கேட்கிறோம். மனிதரிடம் வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிற கேள்வியை நாயிடம் கேட்டு ஆசை தீர்த்துக்கொள்கிறோம் போலிருக்கிறது! கென்னல் கிளப் ஆப் இந்தியா 1896-லிருந்து இருக்கிற சங்கம். தலைமை அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. அது தருகிற பத்திரத்தை நான் குறை சொல்லவில்லை. அது இன்ன தகப்பனுக்கும் இன்ன தாய்க்கும் பிறந்தது, பாட்டன் இன்னது, பூட்டன் இன்னது என்று சொல்லும். இடுப்பு எலும்பு ஒழுங்காக இருக்கிறதா, இருதயம் சரியா, தாயைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்தார்களா, சோபாவில் படுக்க விட்டார்களா என்பதையெல்லாம் சொல்லாது. லாப்ரடாருக்கும் அல்சேஷனுக்கும் இடுப்பு மூட்டு நழுவுகிற வியாதி பரம்பரையாக வரும். பொறுப்புள்ள பண்ணைக்காரர் தாயையும் தகப்பனையும் இரண்டு வயதானபின் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இணை சேர்ப்பார். கேட்டால் அந்தப் படத்தை எடுத்துக் காட்டுவார். ஜாதிப் பத்திரம் கேட்கிற நம்மவர்களில் எக்ஸ்ரே கேட்டவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

ஜாதி மோகம் எங்கே கொண்டுவிடும் என்பதற்குப் பக் நாயே சாட்சி. 2003-ல் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே அந்தச் சப்பை மூக்கு நாய் ஓடிற்று. அழகான விளம்பரம்தான். உடனே தேசம் முழுக்க எல்லோருக்கும் பக் வேண்டியிருந்தது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூச்சுக்குழலையே நசுக்கி அழகு பார்த்த ஒரு ஜாதியைக் கொண்டுவந்து சென்னை அக்கினி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் கட்டினால் என்ன ஆகும்? தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் முதலியவற்றை இந்தச் சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியல் போட்டது. பட்டியலைப் பார்த்து ஆத்திரப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களை ஒரு நாள் கம்பளிக் கோட்டு மாட்டி வேலூர் வெயிலில் உட்காரவைக்க எனக்கு ஆசை.

குற்றம் சொல்லிக்கொண்டே போகிறேனே, நல்ல பண்ணைக்காரர் எப்படி இருப்பார் என்று சொல்ல வேண்டாமா? சொல்கிறேன். அவர் உங்களுக்கு லேசில் நாய் தர மாட்டார்.

என் நண்பர் ஒருவர் எஞ்சினீயர். 2005-ல் தபால் இலாகா ராஜபாளையம் நாய்க்கு ஸ்டாம்பு வெளியிட்டதிலிருந்தே அவருக்கு அந்த நாயின் மேல் ஒரு கண். ராஜபாளையத்துக்கு மேற்கே தோப்பும் கிணறுமாக இருக்கும் ஒரு விவசாயியைப் பற்றிக் கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெரியவர் இரண்டு பெட்டைகளும் ஒரு கடுவனும் வைத்திருந்தார். மூன்றும் அவிழ்த்தே கிடந்தன. தாய் நாய் எங்கள் மூவரையும் முகர்ந்துவிட்டு, பெரியவர் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதன் பக்கத்திலேயே ஏழு வாரக் குட்டிகள். வெள்ளை வெளேரென்று, ரோஜா நிற மூக்கோடு. நண்பர் பர்சை எடுத்துவிட்டார்.

‘பையில வைங்க தம்பி’ என்றார் பெரியவர். ‘வீடு எப்படி? காம்பவுண்டு உண்டா?’

‘அபார்ட்மெண்டுங்க ஐயா. நாலாவது மாடி.’

‘வீட்ல பகல்ல யாரு இருப்பா?’

‘நானும் அவளும் வேலைக்குப் போயிடுவோம். பையன் மூணு மணிக்கு வந்திடுவான்.’

‘அப்போ காலையில இருந்து மூணு மணி வரைக்கும் இது என்ன செய்யும்?’

நண்பரிடம் அதற்குப் பதில் இல்லை. விலையை உயர்த்திப் பார்த்தார். பெரியவர் கோபப்படவில்லை, காப்பி கொண்டுவரச் சொன்னார். ‘இது ஓடுற சாதி தம்பி. பன்றி விரட்டின நாயி. நாலாவது மாடியில வச்சா ஒண்ணு சோபாவைக் கடிக்கும், இல்லே உங்க மேலே பாயும். ரெண்டும் அது தப்பில்லே. நிலம் வாங்கி வீடு கட்டினீங்கன்னா வாங்க’ என்று முடித்துவிட்டார். ஊர் திரும்புகிற வழியெல்லாம் நண்பர் குமுறிக்கொண்டே வந்தார். ‘கைநிறையப் பணத்தோடு போனவனைத் திருப்பி அனுப்புகிறாரே, இவர் வியாபாரம் உருப்படுமா?’ என்றார். எனக்கோ அன்றைக்குத்தான் ஒரு நாணயஸ்தரைப் பார்த்த திருப்தி.

காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது பார்த்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளை நிறத்தையே விரும்பி விரும்பிப் பெருக்கியதால் இந்த ஜாதியில் காது கேளாத குட்டிகளும் பிறப்பதுண்டு. கூட்டமாக இருக்கும்போது செவிட்டுக் குட்டி தெரியாது. மற்றவை ஓடுவதைப் பார்த்து அதுவும் ஓடும். பெரியவர் ஒவ்வொரு குட்டியாகத் தனியே தூக்கி வந்து, அதற்குத் தெரியாமல் பின்னால் ஒரு சில்வர் தட்டைத் தரையில் போட்டார். ஆறு குட்டிகள் துள்ளித் திரும்பின. ஒன்று திரும்பவில்லை. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ‘இது விக்கிறதுக்கில்லே. இங்கேயே இருந்துக்கும்’ என்றார். தரகன் கையிலாயிருந்தால் அதற்குத்தான் முதலில் விலை பேசியிருப்பான்; செவிட்டுக் குட்டி ஆழ்ந்து தூங்கும், ‘ரொம்பச் சாது சார்’ என்று சொல்லலாம் அல்லவா?

‘விலைக்கு நாய் வாங்குவதே பாவம், தெருவில் எத்தனையோ குட்டிகள் இருக்கின்றன, அவற்றை எடுத்து வளர்க்கலாமே’ என்று சொல்கிற கட்சியும் உண்டு. அவர்களோடு எனக்கு முக்கால்வாசி சம்மதம். காவலும் துணையும்தான் தேவையென்றால் நம் நாட்டு நாயைவிட இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்றது வேறில்லை. ஆனால் பெருக்குகிறவர் எல்லோரும் பாவிகள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பெரியவர் போன்றவர்கள் கையை விரித்துவிட்டால் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் ஸ்டாம்பில்தான் மிஞ்சும். கூண்டுக்காரனையும் தோப்புக்காரரையும் ஒரே தராசில் நிறுத்துவது கூண்டுக்காரனுக்குத்தான் லாபம்.

விலை அதிகமாயிற்றே என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. எங்கள் வங்கிக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த பணத்தைக் கேட்டுப் பாருங்கள். குழந்தை அழுகிறது, பிறந்த நாளைக்குள் வேண்டும் என்பவர்களுக்கு: பிறந்த நாளுக்குத் தயாராக இருப்பது ஜவுளி. ஒழுங்கான பண்ணையில் குட்டி கையிருப்பில் இருக்காது. தை மாதம் சொல்லிவைத்தால் ஆவணியில் கிடைக்கலாம். அதுவரை காத்திருக்க முடியாத குடும்பம், பன்னிரண்டு வருஷம் தினம் இரண்டு வேளை அதை வெளியே அழைத்துப் போகுமா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இதை எழுதுவதற்கு முன் ஒரு பரீட்சை செய்து பார்த்தேன். விளம்பரங்களிலிருந்து ஐந்து நம்பர்களை எடுத்து ஐந்து பேருக்கும் போன் செய்தேன். விலை கேட்கவில்லை, ஜாதி கேட்கவில்லை. ‘குட்டியின் தாயைப் பார்க்க எப்போது வரலாம்?’ என்று மட்டும் கேட்டேன். முதல் ஆள், தாய் கோயம்புத்தூரில் இருக்கிறது என்றார். இரண்டாவது ஆள், அதெல்லாம் வழக்கமில்லை என்றார். மூன்றாவது ஆள் போனை வைத்துவிட்டார். நான்காவது ஆள் அரைமணி நேரத்தில் ஒரு படம் அனுப்பினார். அது இரண்டாவது ஆளின் விளம்பரத்தில் பார்த்த அதே படம். ஐந்தாவதாகப் பேசிய அம்மாளின் குரல் அவ்வளவு இனிமையாக இல்லை. குட்டிகள் பிறந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது, இப்போது யாரையும் உள்ளே விடுவதில்லை, இன்னும் மூன்று வாரம் போகட்டும் என்றார். வரும்போது குடும்பத்தோடு வரவேண்டும், குழந்தைகளைப் பார்க்காமல் குட்டி தருவதில்லை என்றார். நான் சரி என்று சொல்லிப் போனை வைக்கப்போனேன்.

‘ஒரு நிமிஷம்’ என்றார். ‘அன்னிக்கு வேறே எந்த இடத்திலேயாவது குட்டி பார்த்துட்டு அதே செருப்போட நேரா இங்கே வந்திடாதீங்க. அப்படி வந்தா கேட்டைத் திறக்க மாட்டேன்.’